கடன்பட்டவர் யார்?

ஞாயிறு பூசையின் மூன்றாண்டு வாசகச் சுற்றில் நெகேமியா நூலின் ஐந்தாம் அதிகாரம் வருவதில்லை. எட்டாம் அதிகாரம் வரும்: எஸ்றா மரமேடையில் நின்று திருச்சட்ட நூலை வாசிக்க, கேட்ட சனங்கள் கண்ணீர் விட்ட நிகழ்ச்சி. அதற்கு மூன்று அதிகாரங்களுக்கு முன்னே அதே சனங்கள் வேறொரு காரணத்துக்காக அழுகிறார்கள். அந்த அழுகை நம் ஆலயங்களில் கேட்பதில்லை. ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, இவ்வாரம் ஒரு நாள் இரவுச் செபம் முடிந்த பின் வீட்டிலுள்ள விவிலியத்தை எடுத்து, எழுத்துக் கூட்டத் தெரிந்த பிள்ளை ஒன்று உரத்து வாசிக்க, பெரியவர்கள் இருந்து கேளுங்கள். பத்தொன்பது வசனங்கள்தாம்.

எருசலேமின் இடிந்த மதிலை மக்கள் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. வேலை பாதியில் நிற்க, ஆண்களும் அவர்களுடைய மனைவியரும் பெருங் கூக்குரல் எழுப்பினார்கள் என்று நூல் கூறுகிறது. மனைவியரைத் தனியே குறித்திருப்பதைக் கவனிக்க வேண்டும். பானையில் அரிசி இல்லை என்பது முதலில் அவர்களுக்குத்தானே தெரியும்! ஒரு சாரார், பிள்ளைகள் நிறைய, உண்ணத் தானியம் இல்லை என்றனர். இன்னொரு சாரார், பஞ்சத்தில் தானியம் வாங்க வயலையும் திராட்சைத் தோட்டத்தையும் வீட்டையும் அடகு வைத்துவிட்டோம் என்றனர். மற்றொரு சாரார், அரசனுக்கு வரி செலுத்தவே கடன் வாங்கினோம் என்றனர். மூவரும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. பெற்ற பிள்ளைகளை அடிமைகளாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவர்களுடைய முறைப்பாடு எட்டாத தூரத்தில் இருந்த பாரசீக மன்னன் மீது அன்று. வட்டி வாங்கியவர்கள் சொந்த இனத்தவர், ஒரே இறைவனை வழிபட்டவர்கள்.

தோட்டத்தில் பிறந்த எவருக்கும் இந்த அதிகாரத்துக்கு விளக்கவுரை வேண்டியதில்லை. கடன் நம் மக்களுக்கு முன்னே கப்பலேறி வந்தது. இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் புதுக்கோட்டையிலும் கங்காணி கொடுத்த முன்பணத்தோடு பிள்ளைகுட்டிகளுடன் புறப்பட்டவர்கள், தோட்டத்தில் கால் வைத்த அன்றே கடன்காரர்கள். வழிச்செலவு, கம்பளி, அரிசி எல்லாம் கணக்கில் ஏறின. கலியாணமும் சாவும் அதற்குமேல் ஏறின. ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், துரை எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதம் வேண்டும். இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவேன் என்று அதில் இருக்கும். அதன் பெயர் ‘துண்டு’. மனிதரைக் கடன் தொகையோடு கைமாற்றிய அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. காகிதம் ஒழிந்தது. மாதக் கடைசியில் அரிசிக்கும் மாவுக்கும் பிடித்தது போக மிச்சம் என்ன என்று செக்ரோலைப் பார்க்கும் கண் மாறவில்லை.

பின்பு 1973, 1974ஆம் ஆண்டுகள் வந்தன. உலகச் சந்தையில் எண்ணெயும் தானியமும் விலையேற, அரசாங்கம் பங்கீட்டு உணவைக் குறைத்தது. கிராமத்தவனுக்கு மரவள்ளி ஊன்ற ஒரு மூலையாவது இருந்தது. தோட்டத்தவனுக்கு இருந்ததோ லயத்து வாசல். தோட்டங்களில் மரண வீதம் ஏறியது. அந்நாட்களை நினைவில் வைத்திருக்கும் பாட்டிமார் பசறையிலும் மடுல்சீமையிலும் இன்னும் இருக்கிறார்கள். பேரப்பிள்ளைகள் அவர்களிடம் கேட்டு எழுதி வைத்தால் நல்லது. சரித்திரப் புத்தகங்கள் அதற்கு ஒதுக்கிய இடம் மிகச் சிறிது.

அது பழங்கதை என்று எண்ணுவோர் 2016ஆம் ஆண்டின் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வைப் பார்க்கட்டும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடு முழுவதிலும் 17.3 வீதம், தோட்டங்களில் 31.7 வீதம். நூறு பிள்ளைகளில் முப்பதுக்கு மேல்! 2019இல் நாட்டின் வறுமை வீதம் 14.3, தோட்டப்புறத்தில் 33.8. இதெல்லாம் நாடு கடன் கட்ட முடியாது என்று 2022 ஏப்பிரலில் கைவிரிப்பதற்கு முந்திய கணக்கு. அதே ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டியின்படி உணவு விலை ஓராண்டுக்கு முன்பிருந்ததைவிட 94.9 வீதம் ஏறியிருந்தது. ரொட்டிக்கு மாப் பிசையும் தாய்க்கு இந்தச் சுட்டி தேவைப்படவில்லை. உருண்டையின் அளவே சுட்டி.

அரசனுக்கு வரி செலுத்தக் கடன் வாங்கிய அந்த மூன்றாம் சாராரை நம்மிடையே தேட வேண்டியதில்லை. 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு என்ற ஒன்று நடந்தது. ஊழியர் சேமலாப நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளின் வட்டி 2025 வரை 12 வீதமாகவும் அதன்பின் 9 வீதமாகவும் மாற்றப்பட்டது. வங்கிகள் வைத்திருந்த முறிகள் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே விடப்பட்டன. தோட்டத்துச் சம்பளத்தில் நூற்றுக்கு எட்டு ரூபா பிடித்துச் சேர்த்த பணமும் ஓய்வுகாலத்துக்கென்று அந்த நிதியில்தான் கிடக்கிறது. பெருந்தெருக்களுக்கும் விமான நிலையத்துக்கும் யார் கடன் வாங்கினார்கள்? கொழுந்து கிள்ளியவளா?

இந்நிலையில் பிள்ளைகளின் படிப்புக்கு வருவோம். 1945 முதல் நம் நாட்டில் கல்வி இலவசம். கன்னங்கரா அவர்களின் பெயரை நன்றியோடு சொல்ல வேண்டும். ஆயினும் உயர்தரத்தில் தேறிய பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்ததும், தோட்டத்து வீட்டில் மகிழ்ச்சியோடு கூடவே ஒரு பயமும் நுழைகிறது. விரிவுரைக்குப் பணமில்லை, சரி. தங்குமிடத்துக்கு, கோச்சிக்கு, கணினிக்கு, மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு? மஹாபொல உதவித்தொகை 2025 வரவு செலவுத் திட்டத்தில்தான் மாதம் 5000 ரூபாவிலிருந்து 7500 ஆனது. 2024 செப்டெம்பரில் நிர்ணயமான நாட்சம்பளம் 1350 ரூபா. இருபத்தைந்து நாளும் முழுப்பேர் விழுந்தாலும் 33,750. சேமலாப நிதி போனால் 31,050. மழையிலும் நோயிலும் அரைப்பேர் விழும் மாதங்களை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். 2026 ஜனவரி முதல் சம்பளம் 1550 என்றும், அரசு தரும் வருகைக் கொடுப்பனவு 200 சேர்த்து 1750 என்றும் 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. நல்லதே. ஆனால் அதற்கு முன்பே தோடு அடகுக் கடைக்குப் போய்விட்டது. தாய் நுண்கடன் குழுவில் கையெழுத்திட்டுவிட்டாள். வாரத் தவணைக்கு வருபவர் லயத்து இஸ்தோப்பில் உட்கார்ந்திருக்கிறார்.

அரச பல்கலைக்கழகம் கிடைக்காத பிள்ளைகளுக்கு 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டம் ஒன்று இருக்கிறது. அதைக் கொண்டு தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கலாம். வட்டியை அரசு ஏற்கிறது. முதலை, படித்து முடித்த பிள்ளை கட்ட வேண்டும். வட்டி இல்லாதது பெரிய உதவி என்பதை மறுக்கவில்லை. என்றாலும் விஞ்ஞானப் பாடத்துக்குத் தமிழில் ஆசிரியரைக் காணாமல், கிடைத்த பாடத்தைப் படித்து, சில புள்ளிகளால் தவறிய ஒரு பிள்ளை, தன் இருபது வயதை இலட்சக்கணக்கான ரூபா கடனோடு தொடங்க வேண்டுமென்றால், தவறியது பிள்ளையா, பாடசாலைக்கு ஆசிரியரை அனுப்பாத அதிகாரமா? கொள்ளுப்பாட்டன் துண்டோடு வந்தான். கொள்ளுப்பேத்தி பட்டத்தோடும் தவணை அட்டையோடும் வெளியே வருகிறாள். நெகேமியாவின் காலத்து மக்கள் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லி அழுததை இங்கேதான் நினைக்கிறேன்.

இவ்வளவுக்கும் மேலே மலை இடிந்து விழுகிறது.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் தப்பிய பிள்ளைகள், திரும்பி வந்தபோது தாய் தந்தையர் இல்லை. 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அவ்விடம் ஆபத்தானது என்று எச்சரித்திருந்தது. எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. போய் இருக்க நிலம் இருக்கவில்லை. பிழைத்தவர்களுக்கு வீடு கிடைக்க ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. 2023 மார்ச்சில் பூனாகலையின் கபரகலைப் பிரிவு சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் ‘டித்வா’ சூறாவளி வந்தபோது, நாட்டில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். மண்சரிவினால் மிகுந்த இழப்பைக் கண்ட மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. கோச்சிப் பாதை அறுந்தது, வீதிகள் அறுந்தன, நாட்கணக்கில் தோட்டங்கள் தனித்துக் கிடந்தன.

இதைத் தெய்வத்தின் தண்டனை என்று பேசியவர்களும் உண்டு, நல்ல கத்தோலிக்கர்கள்கூட. சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்தவர்களைப் பற்றி நம் ஆண்டவர் பேசியபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர் என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். மழைக்கு விளக்கம் உண்டு. காற்றின் வெப்பம் ஒரு பாகை கூடினால் அது ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கும். வெப்பமான கடலின் மேலே வரும் சூறாவளி அதை அள்ளிக்கொண்டு வந்து மலையில் கொட்டுகிறது. அந்த வெப்பத்தை உண்டாக்கியவர்கள் நிலக்கரியையும் எண்ணெயையும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக எரித்துச் செல்வரான நாடுகளும் கம்பனிகளும். உலகம் ஆண்டுதோறும் வெளியிடும் புகையில் இலங்கையின் பங்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லை. அதிலும் விறகடுப்பு ஊதும் லயத்துக் குடும்பத்தின் பங்கு என்ன?

ஆனால் தூரத்து நாடுகளை மட்டும் குற்றஞ்சாட்டி இங்குள்ளவர்கள் கைகழுவவும் கூடாது. காட்டை அழித்துச் செங்குத்தான சரிவில் தேயிலை நட்டவர்கள், நல்ல நிலத்தைத் தேயிலைக்கும் எஞ்சிய ஓடைக்கரையை லயத்துக்கும் ஒதுக்கினார்கள். சரிவுகளில் தண்ணீரை வழிநடத்தும் கான்களை வெட்டித் துப்புரவாக்க ஆள் போடாத தோட்டத்தில் மழைநீர் மண்ணுக்குள்தான் இறங்கும். தோட்டங்களை 1970களில் அரசு எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளிடம் கொடுத்தது. கை மாறியபோதெல்லாம் மரங்கள் எண்ணப்பட்டன, யந்திரங்கள் எண்ணப்பட்டன. லயத்துக்குக் கீழே இருந்த நிலம் மட்டும் அங்கே வாழ்ந்தவன் பெயருக்கு வரவில்லை. டித்வாவுக்குப் பின் முற்றாக அழிந்த வீட்டுக்கு ஐம்பது இலட்சம், நிலம் இல்லாதவர்களுக்கு நிலம் வாங்க இன்னும் ஐம்பது இலட்சம் என்று அரசாங்கம் அறிவித்தது. தாராளமான அறிவிப்பு. ஒரே லயக் காம்பராவில் மூன்று குடும்பம். வீட்டு இலக்கம் ஒன்று. உரித்துப் பத்திரம் ஒருவரிடமும் இல்லை. விண்ணப்பத்தில் எந்தப் பெயரை எழுதுவது? அந்தச் சூறாவளிக்குச் சில வாரங்கள் முன்பு, 2025 ஒக்டோபரில், பண்டாரவளையில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேருக்கு வீட்டு உரிமைப் பத்திரங்கள் வழங்கப்பட்டன. எஞ்சியவர்களின் தொகையை யோசித்துப் பாருங்கள்.

இப்போது ‘பரலோகத்திலிருக்கிற’ செபத்துக்கு வருகிறேன். பாவங்களைப் பொறுத்தருளும்படி நாம் வேண்டும் இடத்தில், மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லின் நேர்ப்பொருள் ‘கடன்கள்’ என்பது. கலிலேயாவில் அதைக் கேட்ட கூலிக்காரனுக்கும் மீன்பிடிகாரனுக்கும் முதலில் நினைவுக்கு வந்திருக்கக் கூடியது வட்டிக்காரனின் ஓலைதான். லேவியர் ஆகமத்தின் இருபத்தைந்தாம் அதிகாரமும் அப்படியே. ஐம்பதாம் ஆண்டில் நிலம் உரியவனுக்குத் திரும்ப வேண்டும், அடிமை வீடு திரும்ப வேண்டும். கடனை ஆத்துமத்தோடு மட்டும் நிறுத்திக்கொள்வது விவிலியத்தின் வழக்கமன்று. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில், வட நாடுகள் தென் நாடுகளுக்குச் சுற்றுச்சூழல் கடன் பட்டிருக்கின்றன என்று எழுதினார். 2026 ஜனவரி 6இல் நிறைவெய்திய ஜூபிலி ஆண்டை அறிவித்த மடலிலும், வறிய நாடுகளின் கடனை மன்னிக்கும்படி செல்வந்த நாடுகளைக் கேட்டார். அது தயவின் காரியம் என்பதைவிட நீதியின் காரியம் என்று சொன்னார். ஆகவே எல்லாப் பேரேட்டிலும் கடன்காரன் என்று எழுதப்பட்டிருக்கும் தோட்டத் தொழிலாளி, நீதியின் பேரேட்டில் கடன் கொடுத்தவன். இருநூறு ஆண்டு உழைப்பை அவன் கொடுத்திருக்கிறான். சேமலாப நிதியைக் கொடுத்திருக்கிறான். தான் மூட்டாத நெருப்புக்குத் தன் மலையைக் கொடுத்திருக்கிறான். வசூலிக்கப் போகிறவன் கையேந்தி நிற்க வேண்டியதில்லை.

நெகேமியா செய்ததைப் பாருங்கள். அவர் ஆளுநர். கூக்குரலைக் கேட்டுக் கோபங்கொண்டார். அதை எழுதியும் வைத்தார். நமக்கோ கோபமெல்லாம் பாவசங்கீர்த்தனப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அவர் பஞ்சத்துக்குக் கஞ்சித்தொட்டி திறந்து நிறுத்திக்கொள்ளவில்லை. பிரபுக்களையும் அதிகாரிகளையும் எதிரே நிறுத்தி, பெருங்கூட்டத்தைக் கூட்டி, வயலையும் வீட்டையும் வட்டியையும் இன்றே திருப்பிக் கொடுங்கள் என்றார். அவர்கள் சம்மதித்ததும் குருக்களை வரவழைத்து, அவர்கள் முன்னே சத்தியம் வாங்கினார். வாய்ச்சொல்லை நம்பாத புத்தி அவருக்கு இருந்தது. ஆளுநருக்கு உரிய உணவுப்படியையும் பன்னிரண்டு ஆண்டுகள் தொடவில்லை.

குருக்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்போர், அந்தச் சத்தியத்துக்கு யார் சாட்சி நின்றார்கள் என்று பார்க்கட்டும். நம் மேற்றிராசனத்துக்கு அது புதிதும் அன்று. 1972இல் பதுளை புதிய மேற்றிராசனமானபோது, கண்டியை விட்டு ஏழைகளின் இந்த மலைக்கு மனமுவந்து வந்தவர் லியோ நாணயக்கார ஆண்டகை. புத்தளை விவசாயிகளோடு வாழ்ந்த அருட்தந்தை மைக்கல் றொட்றிகோ 1987 நவம்பர் 10இல் பூசைப் பீடத்தருகே சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்கள் கட்சி அரசியல் செய்யவில்லை.

சிறியவர்கள் கேட்டால் யார் செவிகொடுப்பார் என்று சலிப்பவர்களுக்கு ஒரு செய்தி. 2019இல் பசுபிக் சமுத்திரத்தின் வனுவாத்து தீவில் 27 சட்டக்கல்லூரி மாணவர்கள் கூடி, காலநிலைச் சேதத்துக்கு யார் பொறுப்பு என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்க வேண்டும் என்று தொடங்கினார்கள். வனுவாத்து அரசைச் சம்மதிக்க வைத்தார்கள். அந்த அரசு ஐக்கிய நாடுகள் சபையைச் சம்மதிக்க வைத்தது. 2025 ஜூலை 23இல் அந்த நீதிமன்றம், காலநிலையைக் காப்பது அரசுகளின் சட்டக் கடமை, மீறினால் நட்டஈடு கொடுக்கும் பொறுப்பும் எழலாம் என்று ஏகமனதாகக் கருத்துரைத்தது. அமெரிக்காவில் வேமொண்ட் என்னும் சிறிய மலை மாநிலம், 2023 பெருவெள்ளத்தின் பின், எண்ணெய்க் கம்பனிகளிடம் சேதச் செலவை அறவிட 2024இல் சட்டமே செய்தது. 2022இல் எகிப்தில் இணங்கிய ‘இழப்பு, சேதங்களுக்கான நிதியம்’ என்ற உலக நிதியமும் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நாள் இலங்கைக்குப் பணம் வருமானால், மீரியபெத்தையின் பெயர் அந்தக் கணக்கில் இருக்க வேண்டும். அதற்கு இப்போதே நம் பெயர்கள் எழுத்தில் இருக்க வேண்டும்.

எனவே பங்குகளில் பக்திச் சபைகளும் இளைஞர் மன்றமும் சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்குங்கள். தோட்டம் தோட்டமாக, பிரிவு பிரிவாக, ஒவ்வொரு காம்பராவிலும் எத்தனை குடும்பம், அபாய அறிவித்தல் எப்போது கிடைத்தது, என்ன இழந்தார்கள், விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று குறியுங்கள். ஆலயத்துக்கு வருபவர்களை மட்டும் எண்ணாதீர்கள். கோயிலுக்குப் போகிறவர்களும் பன்சாலைக்கும் பள்ளிவாசலுக்கும் போகிறவர்களும் அதே மண்ணின் கீழேதான் தூங்குகிறார்கள். பாடசாலையில் காலை உணவு எத்தனை நாள் வந்தது, எந்த வகுப்போடு நின்றுவிடுகிறது என்று தாய்மார் தனியே எழுதட்டும். பல்கலைக்கழகத்திலும் கல்லூரியிலும் படிக்கும் பிள்ளையின் குடும்பம் எதை அடகு வைத்தது என்பதை, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெயரில்லாமல் தொகையை மட்டும் சேர்க்கலாம். அந்தத் தொகையைக் கையில் வைத்துக்கொண்டு உதவித்தொகை கேட்பதற்கும் வெறுங்கையோடு கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு.

பின்பு கடிதம். தமிழிலேயே எழுதுங்கள், தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறுவது உங்கள் உரிமை. ஒன்று பிரதேச செயலாளருக்கு, ஒன்று கச்சேரிக்கு, ஒன்று தோட்ட நிர்வாகத்துக்கு, ஒன்று நீங்கள் வாக்களித்த பாராளுமன்ற உறுப்பினருக்கு. பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற முடிவை அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். கையெழுத்திடத் தெரியாதவர்கள் பெருவிரல் வைக்கட்டும், பங்குக் குரு சாட்சிக் கையொப்பம் இடட்டும். கொடுக்கும்போது இன்னொரு பிரதியையும் கொண்டுபோய், அதில் கந்தோர் முத்திரையும் திகதியும் வாங்கி, ஞானஸ்நானச் சான்றிதழ்களை வைக்கும் அதே தகரப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.